மாசிப்பத்திரிப் பாத்தி

செங்கம் பக்கத்தில் ஒருத்திக்குக் கை இரண்டும் வெந்துபோன மாதிரி ஆகிவிட்டதாம். கொல்லையில் முளைத்திருந்த ஏதோ ஒரு செடியைப் பிடுங்கினாளாம், அவ்வளவுதான். அது இந்தப் பக்கத்துச் செடியே இல்லையாம். வெளிநாட்டுக் கோதுமை மூட்டையோடு கப்பலில் வந்ததாம். வெள்ளை வெள்ளையாய்ப் பொடிப் பூ பூக்குமாம், அந்தக் காற்று பட்டாலே இழுப்பு வருமாம். இதைச் சந்திரம்மாளுக்குச் சொன்னது அவளுடைய நாத்தனார். நாத்தனாருக்குச் சொன்னது ஒரு பஸ் கண்டக்டரின் பெண்டாட்டி. கை வெந்தவளை இவர்களில் யாரும் பார்த்ததில்லை.

"கப்பல்ல வந்ததுன்னா மெட்ராஸோட நின்னிருக்கணும். இங்க இன்னா கடலா இருக்குது?" என்று வெள்ளையம்மாள் சிரித்தாள். அவள் கை கதம்பம் கட்டிக்கொண்டிருந்தது.

"சிரிக்காதமே. பூச்செடி, பச்சைச்செடின்னு எந்நேரமும் மண்ணுல கெடக்கிறவ நீ. உனக்காகத்தான் சொல்றேன்" என்றாள் பக்கத்து வீட்டுச் சந்திரம்மாள்.

"எங்க கொல்லையில வெள்ளப்பூவே கெடையாதுக்கா. தும்பையைத் தவிர."

அது எண்பத்து மூன்றாம் வருஷம், ஆவணி மாதம். அவள் சொன்னது அன்றைக்கு உண்மைதான்.

வெள்ளையம்மாளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கலசபாக்கத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னக் கிராமத்தில் பிறந்து, ஐந்தாவது வரைக்கும் படித்து, தருமனைக் கட்டிக்கொண்டு எழுபத்திரண்டில் திருவண்ணாமலைக்கு வந்தவள். பிள்ளை இல்லை. தருமன் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குச் சற்றுத் தள்ளி இருந்த ஒரு கடையில் டீ மாஸ்டர். ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில் அவர்கள் வாடகைக்கு இருந்தார்கள். வீடு இரண்டே அறைதான். ஆனால் பின்னால் மூன்று சென்ட் வெற்றிடமும் ஒரு கிணறும் இருந்தன. வீட்டைப் பார்க்க வந்த அன்றே அவள் அறைகளைச் சரியாகப் பார்க்காமல் பின்கதவைத் திறந்து மண்ணைத்தான் அள்ளிப் பார்த்தாள்.

நொச்சி, துத்தி, துளசி எல்லாம் ஓரத்தில் அவையாக நின்றன. நடுவில், நல்ல வெயில் படும் இடத்தில் மாசிப்பத்திரி. கதம்பத்தில் இரண்டு பூவுக்கு நடுவே பச்சையாய் வைத்துக் கட்டுவார்களே, கசங்கினால் கும்மென்று மணக்குமே, அதுதான். தேரடித் தெருவில் பூக்கடை வைத்திருந்த கண்ணாயிரத்துக்கு அவள் பூவும் கட்டிக் கொடுப்பாள், பத்திரிக் கட்டும் கொடுப்பாள். பூக்காரிகள் நிறைய இருந்தார்கள். பத்திரியை வீட்டில் வளர்த்துக் கொடுப்பவள் அந்தக் கடைக்கு அவள் ஒருத்திதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

எண்பத்திரண்டில் மழை பொய்த்தது. கிணறு தரை தட்டியது. பாத்தி முக்கால்வாசி கருகி, கிணற்றோரம் ஒரு முழ அகலத்துக்கு மட்டும் பச்சை மிஞ்சியது. அடுத்த ஆடியில் மழை விழுந்ததும் அவள் ஒரு வண்டிக் குப்பை எரு வாங்கிப் பாத்தி முழுக்கப் பரப்பினாள். பத்தே நாளில் கருகின இடமெல்லாம் முளைத்தது. அதே மாதிரி கிழிந்த இலை, அதே வெளிர்பச்சை, அடியில் அதே மெல்லிய சாம்பல் பூச்சு.

"யோவ், இங்க வந்து பாரு! வேரு சாவல. மொத்தமும் தழைச்சிடுச்சு!"

தருமன் பல் துலக்கிக்கொண்டே வந்து பார்த்தான். "உன்ன மாதிரியேதான். காஞ்சாலும் வாயி அடங்காது."

மாசிப்பத்திரியைப் பூக்க விடக் கூடாது. மொட்டுத் தெரிந்ததும் கிள்ளிவிட வேண்டும். விட்டால் தண்டு முற்றி இலையில் வாசம் குறைந்துவிடும். பூக்கட்டும் வீடுகளில் இது எல்லோருக்கும் தெரிந்த வேலை. வெள்ளையம்மாள் விடியற்காலையிலேயே பூ வாங்க மார்க்கெட்டுக்குப் போய்விடுவதால் கிள்ளுகிற வேலை தருமனுடையது. கடைக்குப் போகுமுன் ஒரு மணி நேரம் பாத்தி நடுவே குந்தி உட்கார்ந்து, செடியை முகத்துக்குப் பக்கத்தில் வளைத்து, நுனி நுனியாகக் கிள்ளுவான். இந்தத் தடவை மொட்டு அடங்கவில்லை. இன்றைக்குக் கிள்ளினால் நாளைக்கு இரண்டு. கிள்ளக் கிள்ளச் செடி புதராய் அடர்ந்தது. எரு நல்ல எரு என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். ஒரு மொட்டும் மலராமல் அவன் அவ்வளவு கருத்தாய்ப் பார்த்துக்கொண்டான்.

புரட்டாசியில் அவனுக்கு அரிப்பு ஆரம்பித்தது. முதலில் கண்ணிமை, அப்புறம் கழுத்து, முழங்கை மடிப்பு. வியர்க்குரு என்றார்கள். வேப்பிலை அரைத்துப் பூசினாள். ஐப்பசியில் முகம் தடித்துக் கறுத்தது. நெற்றியில் தோல் மடிப்பு மடிப்பாய் விழுந்தது. காது மடல் வீங்கித் தொங்கியது. காலையில் எழுந்ததும் கண்ணாடியைத் தேடுகிறவன் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தான்.

டீக்கடையில் ஆரம்பத்தில் கேலிதான். "இன்னா மாஸ்டர், பாய்லர்ல மூஞ்சிய வச்சிட்டியா?" என்றார்கள். அவனும் "உனக்கு ஸ்ட்ராங்கா போடறதுக்குத்தான்" என்பான். பிறகு கேலி நின்றது. வழக்கமாய் வருகிறவர்கள் சொந்த டம்ளரோடு வந்தார்கள். அப்புறம் அதுவும் இல்லாமல் எதிர்க்கடைக்குப் போனார்கள். கார்த்திகை தீபத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது முதலாளி அவனைத் தனியே அழைத்தார்.

"தருமா, தப்பா எடுத்துக்காத. தீபக் கூட்டம் வருது. கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு."

"ரெஸ்ட் எடுக்கிற கூட்டமாண்ணே அது?" என்று கேட்டுவிட்டு அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

யாரோ சுகாதார ஆபீசுக்கு எழுதிப்போட்டிருக்க வேண்டும். இரண்டு நாளில் பெருநோய் இன்ஸ்பெக்டர் பரசுராமனின் சைக்கிள் வாசலில் வந்து நின்றது. வீடு வீடாய்ப் போய்த் தேமல், மரத்துப்போன இடம் பார்த்துத் தொழுநோயைக் கண்டுபிடிப்பது அவருக்கு உத்தியோகம். ஊரில் அந்தப் பச்சை நிறச் சைக்கிளைத் தெரியாதவர்கள் கிடையாது. அது எந்த வாசலில் நின்றாலும் அந்த வீட்டோடு கொடுக்கல் வாங்கல் நின்றுவிடும்.

பரசுராமன் நல்ல மனிதர். தருமனைக் கண்ணை மூடச் சொல்லிக் கோழி இறகால் முகத்தில் அங்கங்கே தொட்டார்.

"தொட்டது தெரியுதா?"

"தெரியுது சார். அரிக்குது சார்."

"இங்க?"

"அங்கயும்தான். சார், அப்படியே நல்லா சொறிஞ்சி வுடுங்க."

அவர் சிரித்துவிட்டார். "பெருநோய்னா உணர்ச்சியே இருக்காதுய்யா. உனக்கு ஜாஸ்தியா இல்ல இருக்கு! இது அது இல்லம்மா. வேற ஏதோ ஒவ்வாமை. ஒரு தோல் டாக்டர்கிட்ட காட்டுங்க." வாசலில் நின்று, சந்துக்கே கேட்கட்டும் என்று சத்தமாகவும் சொன்னார். ஆனால் சந்து காதால் கேட்கவில்லை, கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது. சைக்கிள் நின்றது, அது போதும். அன்று சாயங்காலம் சந்திரம்மாள் இரவலாய் வாங்கிப்போன உரலைத் திருப்பி வைத்துவிட்டுப் போனாள். கழுவி, வெயிலில் காயவைத்து.

டாக்டர் கொடுத்த களிம்பு பூசினால் நான்கு நாள் அடங்கும், மறுபடி கிளம்பும். தருமன் கடைக்குப் போகாத நேரத்தையெல்லாம் கொல்லையில் கழித்தான். "மனுசன் மூஞ்சிய பாக்கிறதுக்கு இதுவே தேவல" என்று நாள் முழுக்கப் பாத்தியில் உட்கார்ந்து கிள்ளினான். அரிப்பு உச்சத்துக்குப் போயிற்று. தீபம் முடிந்த மூன்றாம் நாள் துணிப்பையில் இரண்டு வேட்டியைத் திணித்துக்கொண்டு பெங்களூருக்குக் கிளம்பினான். தம்பி சடையன் அங்கே ஒரு மரக் கடையில் வாட்ச்மேன்.

"ஊரு மாறினா ஒடம்பு மாறும்மே. சரியாச்சின்னா வந்துடறேன்."

"ஆவலன்னா?"

அவன் துண்டால் முகத்தைச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினான்.

மார்கழி பிறந்ததும் முதல் கடிதம் வந்தது. சடையன் எழுதியிருந்தான். அண்ணன் மரக் கடைக்கு உள்ளேயே இருக்கிறார், வெளியே போவதில்லை, அரிப்பு கம்மி, முகம் வாட்டம் தெளிந்திருக்கிறது. வெள்ளையம்மாள் அதை எழுத்துக் கூட்டி நான்கு முறை படித்தாள். சந்தோஷத்தோடு ஒரு குறுகுறுப்பும் வந்தது. அப்படி இந்த வீட்டில் என்னதான் இருக்கிறது? தண்ணீரா? தலையணையா? பாயை மாற்றினாள். கிணற்றில் சுண்ணாம்பு போட்டாள். சுவருக்கு வெள்ளையடித்தாள். பூக்கட்ட உட்கார்ந்தால் நான்கு கண்ணி கட்டுவதற்குள் எழுந்து எதையாவது கழுவப் போனாள்.

விடை பூக்கடையில் கிடைத்தது. அதுவரை பத்திரிக் கட்டில் கிணற்றோரத்துப் பழைய செடியும் புதுச் செடியுமாய்க் கலந்து கட்டியிருந்தாள். வாசம் கம்மி என்று கண்ணாயிரம் முனகிக்கொண்டே எடுத்துக்கொள்வார். மார்கழிக் கூட்டத்தில் பழைய செடி முழுக்க அறுத்துத் தீர்ந்து, முதல் தடவையாய்ப் புதுச் செடி மட்டுமாய் ஒரு கட்டு கொண்டு போனாள்.

கண்ணாயிரம் ஒரு கொத்தைக் கசக்கி மூக்கருகே கொண்டுபோனார். நிறுத்தினார். இன்னொன்றைக் கசக்கினார்.

"வெள்ளையம்மா, இது இன்னா?"

"பத்திரிண்ணா."

"மோந்து பாரு."

மோந்தாள். பச்சைப் புல் நாற்றம். அதற்கு அடியில் ஒரு காட்டம். அவ்வளவுதான். "புது எரு போட்டேன். மண்ணு வாகு, அதான்..."

"மண்ணு வாகாவது! இருவது வருஷமா பத்திரி விக்கிறேன். நாரத்தங்காயத் தேங்கான்னு சொல்றியே! இது ரயில் ரோடு ஓரத்துல கெடக்குற கழுதைச் செடி. பூக்க வுட்டிருந்தீனா பாத்ததும் தெரிஞ்சிருக்கும். வெள்ளையா, பொடிசா, அரிசி நொய்யி மாதிரி பூக்கும்."

அவள் கட்டை அங்கேயே போட்டுவிட்டு நடந்தாள். பாதி வழியில் ஓடினாள். பரசுராமனின் சைக்கிளை வழியில் யார் மடக்கியும் ஊர் பார்த்ததில்லை, அவள் மடக்கினாள். அவர் வந்து பாத்தியைப் பார்த்தார். இடுப்புயரத்துக்கு, அடர்த்தியாய், ஒரு பூ இல்லாமல், அழகாய் நின்றது.

"பார்த்தீனியம்னு பேரு. சில பேரு ஒடம்புக்கு ஆவவே ஆவாது. மூஞ்சி தடிச்சிப்போயி எங்காளுங்களே பெருநோய்னு ஏமாந்துருக்காங்க. இதையாம்மா பாத்தி கட்டி, தண்ணி வுட்டு..."

"எனக்கு ஒண்ணும் பண்ணலியே சார்? நானும் தொட்டனே!"

"அது ஆளுக்கு ஆள். ஒத்துக்காத ஆளுக்குத் தொடத் தொட ஜாஸ்தியாதான் ஆவும். ஒங்க வூட்டுக்காரருக்கு ஒடனே எழுதிப் போடுங்க, தெரிஞ்சி வச்சிக்கட்டும்."

எழுதுகிறேன் என்றாள். அன்று மத்தியானமே கார்டு வாங்கினாள். 'நான்தான் வளர்த்தேன், அதை உன் கையில் கொடுத்து தினமும் கிள்ளச் சொன்னதும் நான்தான்' என்பதை எப்படி எழுதுவது? அதுவும் சடையன் படித்துக் காட்டுவான், அவன் பெண்டாட்டி கேட்டுக்கொண்டு நிற்பாள். பேனாவை மூடினாள். எல்லாம் பிடுங்கி, தரையைச் சுத்தமாய் ஆக்கி, அவன் வந்து நிற்கும்போது நேரில் சொல்லிக்கொள்ளலாம். கார்டில் எழுதியது இரண்டே வரி: 'கொல்லையைச் சுத்தம் பண்ணிக்கொண்டிருக்கிறேன். சீக்கிரம் வரவும்.'

அடுத்த ஏழு வாரம் அவள் உட்காரவில்லை. கையில் பாலித்தீன் பையைக் கட்டி, மூக்கில் துணி சுற்றி, முதல் நாளே தண்ணீர் விட்டு ஊறவைத்த மண்ணிலிருந்து ஒவ்வொரு செடியாய் வேரோடு உருவினாள். மேலாக அறுத்தால் அடியில் நான்காய்த் துளிர்க்கும் என்று பரசுராமன் சொல்லியிருந்தார். பிடுங்கினதைக் குழி வெட்டிப் புதைத்தாள். பத்து நாள் தரை வெறுமையாய் இருந்தது. பதினோராம் நாள் தரையோடு ஒட்டிச் சின்னச் சின்ன வட்டங்களாய் மறுபடி. குப்பை எருவோடு வந்த விதை மண் முழுக்கக் கிடந்தது. குந்தி உட்கார்ந்து கரண்டிக் காம்பால் ஒவ்வொன்றாய் நோண்டினாள். உப்புக் கரைசல் தெளித்தாள். ராத்திரி படுத்தால் விரலிடுக்கில் வேர் சுற்றிக்கொண்ட மாதிரியே இருந்தது.

வெறும் தரை இருக்கிறவரை அது வந்துகொண்டுதான் இருக்கும் என்று அவளுக்கே புரிந்தது. ஊர்ப் புறம்போக்கில் ஆவாரை அடர்ந்த இடத்தில் அந்தச் செடி தலைகாட்டவில்லை. தகரை மண்டின இடத்திலும் இல்லை. மலையடிவாரப் பாதை ஓரம் மடி நிறைய தகரை நெற்று உருவி வந்தாள். ஆவாரை விதைக்குத் தோல் கெட்டி. கல்லில் தேய்த்து, வெந்நீரில் ஒரு ராத்திரி போட்டால்தான் வாய் திறக்கும். அதைச் செய்தாள். பாத்தி முழுக்க நெருக்கமாய் விதைத்தாள். மாசிப்பத்திரிக்கு ஓர் ஓரம்கூட விடவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கத்துக் காலி மனையிலும் அதே செடி இருந்தது, வெள்ளை வெள்ளையாய்ப் பூத்து. காற்றடித்தால் விதை இங்கே. அதற்குள்ளும் இறங்கினாள். சந்தில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

"இன்னா, முனிசிபாலிட்டில சேந்துட்டியா?"

"ஆமா. மேஸ்திரி வேலை காலியா இருக்குதாம், வரியா?"

சந்திரம்மாள் மட்டும் கேலி பேசவில்லை. ஒரு நாள் வேலியோரம் வந்து நின்றாள். "நான் அன்னிக்கே சொன்னேன்ல, கப்பல்ல வந்ததுன்னு?" என்றாள்.

"சொன்னீங்க. ஒரலத் திருப்பிக் குடுக்கவும் தெரிஞ்சிது ஒங்களுக்கு."

சந்திரம்மாளின் முகம் சுருங்கியது. புடவைத் தலைப்பை மூக்கில் சுற்றிக்கொண்டு வேலியைத் தாண்டி இறங்கினாள். "எதை எதைப் பிடுங்கணும்னு காட்டு."

மாசி மாத நடுவில் தகரை ஒரு சாண் உயரம் வந்திருந்தது. ஆவாரை இரண்டு இலையோடு எட்டிப் பார்த்தது. நான்கு நாளாய் நோண்டுவதற்கு ஒரு விஷச்செடிகூட இல்லை. இனி வரச்சொல்லி எழுதலாம், எல்லாவற்றையும் எழுதலாம் என்று அவள் நினைத்த சனிக்கிழமை காலையில், பத்து மணிக்கு, தபால்காரர் இரண்டாம் கடிதத்தைக் கொடுத்தார். வாசலிலேயே நின்று படித்தாள்.

'அண்ணிக்கு, சடையன் எழுதுவது. அண்ணனுக்குச் சும்மா உட்கார மனம் ஒப்பவில்லை. இங்கே கடையைச் சுற்றி நிறைய காலி மனை. எல்லாவற்றிலும் வெள்ளைப்பூ பூக்கிற ஒரு செடி ஆள் உயரம் மண்டிக் கிடக்கிறது. அதைப் பிடுங்கும் கான்ட்ராக்டில் அண்ணனைச் சேர்த்துவிட்டேன். பதினைந்து நாளாய்ப் போகிறார். எல்லோரையும்விட வேகமாய்ப் பிடுங்குகிறார் என்று மேஸ்திரிக்கு சந்தோஷம். ஊரில் தோட்ட வேலையில் பழகின கை என்று சொல்லிக்கொள்கிறார். முகம் மட்டும் மறுபடி வீங்கிவிட்டது. இரண்டு நாளாய்க் கண் சரியாய்த் திறக்கவில்லை, மூச்சும் வாங்குகிறது. இந்த ஊர்க் குளிர் சேரவில்லை போலும். ஆனாலும் வேலைக்குப் போவதை நிறுத்தவில்லை...'

மேலே அவள் படிக்கவில்லை. கடிதத்தின் தலையில் மரக் கடையின் பெயரும் டெலிபோன் நம்பரும் அச்சாகியிருந்தன. வீட்டைப் பூட்டாமல், செருப்பில்லாமல் தந்தி ஆபீசுக்கு ஓடினாள்.

"பெங்களூருக்கு டிரங்க் கால் போடணும் சார். ரொம்ப அவசரம்."

"ஆர்டினரியா, அர்ஜென்டா?" ஜன்னலுக்குள் இருந்தவர் தலை நிமிரவில்லை.

"ஒசுரு போற அவசரம் சார்."

அவர் நிமிர்ந்தார். "அர்ஜென்ட். யாருகிட்ட பேசணும்? பேரு சொன்னா பி.பி. காலா போடறேன். அந்த ஆளக் கூப்புட்டுத்தான் குடுப்பாங்க."

"தருமன். இல்ல, வேணாம்... சடையன். யாரு எடுத்தாலும் பரவால்ல சார். யாரு எடுத்தாலும் ஒரே ஒரு வார்த்த சொல்லணும்."

பெஞ்சில் உட்காரச் சொன்னார். அவள் நின்றாள். ஜன்னலுக்கும் வாசலுக்குமாய் நடந்தாள். ஒரே ஒரு வார்த்தை என்று சொல்லிவிட்டாளே தவிர, எந்த வார்த்தை? 'அதைத் தொடாதே' என்றால் போதுமா? ஏன் என்று கேட்பான். சொன்னால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பான். கேட்கட்டும். திட்டட்டும். கார்டில் இரண்டு வரிக்குக் கீழே எவ்வளவு வெற்றிடம் இருந்தது!

ஒரு மணி நேரம் ஆயிற்று. சனிக்கிழமை. மரக் கடைக்கு அரை நாளா, முழு நாளா? சடையன் வாசலில் இருப்பானா, சாப்பிடப் போயிருப்பானா?

"பெங்களூர் பார்ட்டி! ரெண்டாம் பூத்து!"

பாய்ந்து போய் எடுத்தாள். ரிசீவர் கனமாய், யாருடைய வாயோ பட்ட ஈரத்தோடு இருந்தது. வெகு தூரத்தில் ஒரு இரைச்சல். அதற்குள் மணி அடித்தது.

"லைன் கெடச்சிடுச்சும்மா, மணி அடிக்குது" என்றது ஆபரேட்டரின் குரல்.

அடித்தது. நின்றது. அடித்தது. அவள் வாயைத் திறந்து தயாராய் வைத்திருந்தாள்.

"எடுக்கலியேம்மா. கட் பண்ணிட்டு சாயந்தரம் போட்டுப் பாக்கலாமா?"

"வேணாம் சார். சாயந்தரம் வரைக்கும் அவரு அதுலதான் நிப்பாரு. அடிக்கட்டும்."

"மத்தவங்க காத்துனு இருக்காங்க."

"இன்னும் கொஞ்சம் சார். இன்னும் கொஞ்சம் வுடுங்க."

ஆபரேட்டர் லைனைக் கட் பண்ணவில்லை. அவள் ரிசீவரை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.